காசு கொடுத்து வியர்க்கிறார்கள்!

சித்திரை பிறந்துவிட்டால் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும்.

வெயில்!

"பாளையங்கோட்டையில் 104 டிகிரி" என்று பத்திரிகையில் செய்தி வரும். மத்தியானம் 12 மணிக்கு மேல் டவுன் ரத வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். நாய்கூட நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும். நுங்கும் பதநீரும் வாங்கிக் குடித்துவிட்டு, எப்போது சாயங்காலம் ஆகும் என்று ஜனங்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அதே 104, 105 டிகிரி சூட்டைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!

அமெரிக்காவில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கிறார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு பெரிய அறை. ஜன்னல்களை அடைத்து, இயந்திரம் வைத்து அறையைச் சூடாக்குவார்கள். அதற்குள் 30 பேர், 40 பேர் வரிசையாக நின்று ஆசனம் போடுவார்கள். ஒன்றரை மணி நேரம் வியர்த்துக் கொட்டும். தலையில் குடம் தண்ணீர் ஊற்றியதுபோல் நனைந்து வெளியே வருவார்கள்.

இதற்குப் பெயர் "ஹாட் யோகா". சூட்டு யோகம் என்று நாம் சொல்லலாம். இந்தியாவின் பெரிய நகரங்களிலும் இப்போது இது வந்துவிட்டது.

உடம்பு இளைக்க வருகிறவர்கள் உண்டு. முதுகு வலி, முழங்கால் வலி என்று வருகிறவர்கள் அதைவிட அதிகம். விளையாட்டில் அடிபட்டவர்களும் வருகிறார்கள்.

சூடு உண்மையிலேயே அடிபட்ட உடம்பைச் சரியாக்குமா? வேகவைத்த கிழங்குபோல் உடம்பு இளகிவிடுமா? அல்லது இதில் ஆபத்து உண்டா?

கல்கத்தா வாலிபர்

இந்தச் சூட்டு யோகத்தை உலகம் எங்கும் பரப்பியவர் ஒரு வங்காளி. பெயர் விக்ரம் சௌத்ரி. 1944-ல் கல்கத்தாவில் பிறந்தவர்.

வாலிபப் பிராயத்தில் இவர் எடை தூக்கும் பயிற்சி செய்தார். அப்போது முழங்காலில் பலத்த அடி பட்டது. "இனி நீ நடப்பதே கஷ்டம்" என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். அவர் தம் குருவிடம் போனார். ஆறே மாதத்தில் எழுந்து நடந்துவிட்டார். இது அவரே பல தடவை சொன்ன கதை. பக்கத்தில் இருந்து பார்த்துச் சாட்சி சொன்னவர்கள் இல்லை. அவர் தம்மைப்பற்றிச் சொன்ன வேறு சில கதைகளைப் பிற்காலத்தில் பலர் சந்தேகித்தார்கள். ஆகவே இதையும் கதை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் குரு கதை அல்ல. அவர் பெயர் விஷ்ணு சரண் கோஷ். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. 1923-ல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்தவர். யோகாசனத்தையும் தேகாப்பியாசத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர். 1970-ல் காலமானார்.

குருவிடம் படித்த ஆசனங்களில் 26 ஆசனங்களை விக்ரம் பொறுக்கி எடுத்தார். இரண்டு மூச்சுப் பயிற்சிகளைச் சேர்த்தார். 1970-க்குப் பிறகு அமெரிக்கா போனார். அறையைச் சூடாக்கும் வழக்கம் ஜப்பானில் ஆரம்பித்தது என்பார்கள். அங்கே குளிர் தாங்கவில்லை. கல்கத்தா வெயிலை அறைக்குள் கொண்டுவருவதற்காகக் கணப்புகளை வைத்தாராம்.

நம் ஊரில் தானாக அடிக்கிற வெயில், அங்கே விலைக்கு விற்கும் சரக்கு ஆகிவிட்டது!

அறையில் 105 டிகிரி சூடு. காற்றில் 40 சதவீதம் ஈரம். 90 நிமிஷம். எந்த ஊரில் போனாலும் அதே 26 ஆசனம், அதே வரிசை. அர்த்த சந்திராசனம், கருடாசனம், திரிகோணாசனம் என்று நின்றுகொண்டு செய்பவை முதலில் வரும். புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம் என்று படுத்துச் செய்பவை பின்னால் வரும். சினிமா நட்சத்திரங்கள் வந்தார்கள். விளையாட்டு வீரர்கள் வந்தார்கள். பணம் குவிந்தது.

கோர்ட்டில் ஆசனம்

பணம் வந்தால் வழக்கும் வருமே!

"இந்த 26 ஆசன வரிசை எனக்கே சொந்தம். வேறு யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது" என்றார் விக்ரம். தம்மிடம் படித்துவிட்டுத் தனியாகப் பள்ளி வைத்தவர்கள்மீது வழக்குப் போட்டார். 2015-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆசன வரிசை என்பது உடம்பை நன்றாக வைத்துக்கொள்ளும் ஒரு முறை. அதற்கு யாரும் காப்புரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டது.

இதற்கு முன்பே இந்திய அரசாங்கமும் விழித்துக்கொண்டது. பரம்பரை அறிவைப் பதிவு செய்யும் ஒரு நூலகத்தை 2001-ல் தொடங்கியது. அதில் ஆசனங்களையும் சேர்த்தது. "இது எங்கள் பாட்டன் சொத்து" என்று உலகத்துக்குக் காட்டத்தான்!

இதைவிடப் பெரிய வழக்குகளும் வந்தன. 2013 முதல் பல பெண்கள் விக்ரம்மீது பாலியல் புகார் கூறினார்கள். அவர் மறுத்தார். அவரிடம் வேலை பார்த்த பெண் வக்கீல் ஒருவரின் வழக்கில் 2016-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஜூரிகள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பல லட்சம் டாலர் நஷ்ட ஈடு! அவர் கட்டவில்லை. நாட்டைவிட்டுப் போய்விட்டார். 2017-ல் கைது வாரண்டு பிறந்தது. பல பள்ளிகள் அவருடைய பெயரை அழித்துவிட்டு, "ஹாட் யோகா" என்று மட்டும் பலகை மாட்டிக்கொண்டன.

பத்தமடை டாக்டர்

கல்கத்தா வரைக்கும் போவானேன்? உலகத்துக்கு யோகாசனம் கொண்டுபோன ஒருவர் நம் தாமிரபரணிக் கரையிலேயே பிறந்திருக்கிறார்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் உள்ள பத்தமடை பாய்க்குப் பெயர்போன ஊர். ஆற்றங்கரையில் விளையும் கோரையைக் கொண்டு பட்டுப்போல் பாய் நெய்கிற ஊர். அங்கே 1887 செப்டம்பர் 8-ந் தேதி குப்புசாமி என்ற குழந்தை பிறந்தது. எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பு. தஞ்சாவூரில் வைத்தியப் படிப்பு. 1913-ல் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போய், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பத்து வருஷம் கழித்துத் திரும்பினார். ரிஷிகேசம் போய்ச் சந்நியாசி ஆனார்.

அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936-ல் "தெய்வ நெறிக் கழகம்" ஆரம்பித்தார். ஏராளமான புத்தகங்கள் எழுதினார். 1963-ல் சமாதி ஆனார்.

அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-ல் மேல்நாடு போனார். கனடாவில் உள்ள மாண்ட்ரியல் நகரில் நிலையம் வைத்தார். அவர் சொல்லிக்கொடுத்தது 12 முக்கிய ஆசனங்கள். சூட்டு அறை கிடையாது. அவசரம் கிடையாது. ஓர் ஆசனம் முடிந்ததும் சவாசனத்தில் படுத்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே அடுத்தது.

பத்தமடைக்காரர் வைத்தியர் அல்லவா? உடம்பை எப்போது வேலை வாங்குவது, எப்போது விடுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அளந்து பார்த்தார்கள்

சூட்டு யோகம் செய்தால் என்ன லாபம்? சிலர் அளந்தே பார்த்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாலிபர்களைக் கொண்டு சோதனை செய்தார்கள். 8 வாரம், 24 வகுப்பு. முடிவு 2013-ல் வெளிவந்தது. உடம்பு நன்றாக வளைந்தது. முதுகிலும் காலிலும் பலம் கூடியது. கொழுப்புச் சற்றே குறைந்தது. ஆனால் ஓடினால் மூச்சு வாங்குவது குறையவில்லை!

அதே இடத்தில் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். 90 நிமிஷ வகுப்பில் ஆண்களுக்குச் சுமார் 460 கலோரியும், பெண்களுக்குச் சுமார் 330 கலோரியும்தான் செலவாகின்றன. அவ்வளவு வியர்வைக்கும் அவ்வளவுதான்! அதே நேரம் வேகமாக நடந்தாலே ஏறக்குறைய அந்த அளவு செலவாகிவிடும். வியர்வையில் போவது கொழுப்பு அல்ல, தண்ணீர்! வகுப்பு முடிந்து தராசில் ஏறினால் எடை குறைந்திருக்கும். இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

அடுத்த சோதனை டெக்ஸாஸில் நடந்தது. 2018-ல் முடிவு வந்தது. 40 வயது முதல் 60 வயது வரை உள்ள, உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களைப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 105 டிகிரி அறை. இன்னொரு கூட்டத்துக்கு 73 டிகிரி அறை. ஆசனங்கள் ஒன்றே. மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. 12 வாரம் கழித்து ரத்தக் குழாய்களைப் பார்த்தார்கள்.

சூட்டு அறையில் செய்தவர்களுக்கு ரத்தக் குழாய் நன்றாக விரிந்து கொடுத்தது. சாதாரண அறையில் செய்தவர்களுக்கும் அப்படியே விரிந்தது!

குணம் ஆசனத்தில் இருந்தது. அடுப்பில் இல்லை.

மண்பானை ரகசியம்

உடம்புக்குள் சாதாரணமாக 98.6 டிகிரி சூடு இருக்கிறது. வெளியே 104 டிகிரி அடித்தால் உள்ளேயும் ஏறவேண்டும். ஆனால் ஏறுவதில்லை. ஏன்?

வீட்டில் உள்ள மண்பானையைப் பாருங்கள். பானையின் வெளிப்பக்கம் கசிந்து ஈரமாக இருக்கும். அந்த ஈரம் காற்றில் ஆவியாகிப் போகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் குளிர்கிறது. உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை வந்தால் மட்டும் போதாது. அது காய வேண்டும். காய்ந்தால்தான் உடம்பு குளிரும்.

அடைத்த அறையில் 40 பேர் வியர்த்தால் காற்று ஈரமாகிவிடும். வியர்வை காயாது, சொட்டும். சொட்டுகிற வியர்வையால் குளிர்ச்சி இல்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2015-ல் இதையும் அளந்தார்கள். 20 பேர். எல்லாரும் பழகியவர்கள். வகுப்பு முடியும் சமயத்தில் ஆண்களின் உள்சூடு சராசரி 103 டிகிரியைத் தாண்டியது. ஒருவருக்கு 104-ஐயும் தாண்டிவிட்டது! காய்ச்சலில் 104 என்றால் வீட்டில் என்ன கலவரம் நடக்கும்? அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம். உள்சூடு 104-க்கு மேல் போய்த் தலை சுற்றி, பேச்சுக் குழறினால் அது வெப்ப வாதம். உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பவேண்டும்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் நல்லதல்ல. வயலுக்குப் போகிறவர்கள் நீச்சத்தண்ணியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போவது சும்மா அல்ல.

இருதய நோயாளிகள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், கிழவர்கள், குழந்தைகள்: இவர்கள் சூட்டு அறைப் பக்கமே போகக் கூடாது.

அடிபட்ட காலுக்கு?

திருநெல்வேலித் தெருவில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"என்ன அண்ணாச்சி, நொண்டி நொண்டி வாறிய?"

"நேத்து வரப்புல வழுக்கிட்டு. சுளுக்கு."

"மதினிகிட்டச் சொல்லி உப்பும் புளியும் காய்ச்சிப் பத்துப் போடுங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

சூட்டுக்கும் அடிக்கும் உள்ள உறவு நம் ஜனங்களுக்குப் புதிது அல்ல. பாட்டிமார்கள் நொச்சித் தழையை வதக்கி ஒற்றடம் கொடுப்பார்கள். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்வார்கள். சித்த வைத்தியத்தில் வெளிப்பூச்சு, கட்டு, ஒற்றடம், வேது, தொக்கணம் என்று புற மருந்து முறைகள் மட்டும் 32 இருக்கின்றன. வேது என்றால் ஆவி பிடித்தல். தொக்கணம் என்றால் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல். பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியில் இவற்றைப் பாடமாகவே படிக்கிறார்கள்.

ஆனால் ஒற்றடம் என்பது வேறு. சூட்டு அறை என்பது வேறு. ஒற்றடத்தில் வலிக்கிற இடம் மட்டும் சூடு காண்கிறது. உடம்பு ஓய்வில் இருக்கிறது. சூட்டு அறையில் உடம்பு முழுவதும் காய்கிறது. அதே சமயம் அடிபட்ட காலை வளைக்கவும் செய்கிறார்கள்.

இங்கேதான் மோசம் வருகிறது.

கால் பிசகியதும் உள்ளே ரத்தம் கசிந்து வீங்கும். முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சூடு ஆகாது. ரத்த ஓட்டம் கூடி, வீக்கமும் கூடும். அந்த நாட்களில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியும் ஓய்வும்தான் நல்லது. வீக்கம் வடிந்து, விறைப்பு மட்டும் மிஞ்சும்போது சூடு உதவும்.

இன்னொன்று. தசை வேறு, மூட்டைக் கட்டியிருக்கும் நார் வேறு. தசை ரப்பர்போல. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நார் தாம்புக்கயிறுபோல. ஒரு தடவை அளவுக்கு மீறி இழுபட்டால் பழைய நிலைக்கு லேசில் வராது. மூட்டு லொடலொடத்துப் போகும். சூட்டு அறையில் உடம்பு இளகி இருக்கும். வலி தெரியாது. "ஆகா, நேற்றைவிட நாலு விரற்கடை அதிகம் குனிந்துவிட்டேன்!" என்று சந்தோஷமாக இருக்கும். மறுநாள் காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாது.

வலி ஒரு காவல்காரன். அவனைத் தூங்கவைத்துவிட்டு வீட்டுக்குள் வேலை செய்தால் என்ன ஆகும்?

அடிபட்ட உடம்பை ஆசனத்தால் தேற்றியவர் ஒருவர் உண்டு. பூனாவில் இருந்த பி. கே. எஸ். அய்யங்கார். 1979-ல் ஸ்கூட்டர் விபத்தில் அவருக்குத் தோளிலும் முதுகிலும் அடி பட்டது. அப்போது அவருக்கு வயது 60. உலகப் புகழ் பெற்ற ஆசிரியர். ஆனால் தாம் போட்ட ஆசனங்களையே தம்மால் போட முடியவில்லை.

அவர் ஆரம்பப் பாடத்துக்குத் திரும்பினார். கயிறு, பட்டை, மரக்கட்டை, நாற்காலி என்று முட்டுக் கொடுத்துக்கொண்டு, குழந்தைபோல மறுபடி படிப்படியாகச் செய்தார். நாள் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில். 95 வயதுவரை இருந்து, 2014-ல் காலமானார். அவருக்குச் சூட்டு அறை தேவைப்படவில்லை. பொறுமைதான் தேவைப்பட்டது. அது கடையில் கிடைப்பதில்லை.

சொளவு மடியில்

அம்பாசமுத்திரம், முக்கூடல், கடையம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். மடியில் சொளவு. சொளவில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தலையைக் குனிந்தால் குனிந்ததுதான். சோறு வடிக்க எழுந்திருப்பது ஒன்றே ஓய்வு. பத்து வருஷம் இப்படி உட்கார்ந்தால் கழுத்தும் தோளும் இடுப்பும் என்ன ஆகும்? சாயங்காலம் ஆனதும் "இடுப்பு முறியுது" என்று தைலத்தைத் தேடாத வீடு இல்லை.

அடிபட்ட ஆட்டக்காரனுக்கு மட்டும்தான் வைத்தியமா? இவர்களுக்கும் வேண்டாமா?

இவர்கள் நாள் முழுவதும் முன்பக்கம் வளைகிறார்கள். ஆகவே பின்பக்கம் வளைவதுதான் இவர்களுக்கு மாற்று. பாம்பு படம் எடுப்பதுபோல், குப்புறப் படுத்து நெஞ்சை மெள்ளத் தூக்குவது புஜங்காசனம். அதே நிலையில் ஒரு காலை மட்டும் நீட்டித் தூக்குவது சலபாசனத்தில் பாதி. இரண்டும் சூட்டு யோகத்தின் 26-லும் இருக்கின்றன. சிவானந்தர் வழியின் 12-லும் இருக்கின்றன. முதல் வாரம் நெஞ்சு ஒரு சாண் எழும்பினால் போதும். காலில் சுளீர் என்று வலி இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். அது தசை வலி அல்ல, நரம்பு நசுங்கிய வலி.

நேரமும் முக்கியம். பங்குனி, சித்திரை, வைகாசியில் மத்தியானம் எல்லா வீடும் சூட்டு அறைதான்! தகர ஷெட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் ஆசனம் கூடாது.

விடியற்காலையில், குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்கிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும் வேளையில், ஆற்றுக் காற்றுச் சற்றே வீசும். வாசல் தெளித்த ஈரம் காயாமல் இருக்கும். கடைக்குப் பீடி கொண்டுபோக இன்னும் நேரம் இருக்கும். சொளவு சுவரில் சாய்ந்து கிடக்கும். பத்தமடைப் பாய் இல்லாவிட்டால் சாதாரணக் கோரைப்பாயே போதும். பத்து நிமிஷம்.